கடைசிப் பந்தி

எல்லைச் சண்டையில் பதக்கம் வாங்கிய கரடித் தளபதிக்கு ஒரு பழக்கம் உண்டு: படை சாப்பிட்ட பிறகுதான் அது சாப்பிடும். பின்னாளில் மந்திரியானது, தேன் கம்பெனி முதலாளியும் ஆனது, பழக்கம் மாறவில்லை. ஆனால் அங்கெல்லாம் அதன் முறை வரும்போது அண்டா காலியாக இருந்தது.

ஒருநாள் பழைய சிப்பாய் முயல் பார்க்க வந்தது.

"எல்லையில சாப்பாட்டுக்கே தட்டுப்பாடு. அங்க மட்டும் எனக்கு எப்படிய்யா தினமும் கஞ்சி மிஞ்சுச்சு?" என்று கேட்டது கரடி.

முயல் காதைச் சொறிந்தது. "மிஞ்சலீங்கய்யா. ஆளுக்கு ஒரு வாய் குறைச்சுக்கிட்டோம்."

கரடி முயலை உட்காரவைத்து இலை போட்டு, தானே பரிமாறியது. "இன்னிக்கு வயிறு நிறையச் சாப்பிடணும். ஒரு வாய்கூடக் குறையக் கூடாது."

"சரிங்கய்யா" என்ற முயல், முதல் வாய்ச் சோற்றை ஓரமாக ஒதுக்கி வைத்தது.