சாகவிடாத இருட்டு

பின்ன கோவம் வராதா? செடி ரூம்ல நிக்கிறேன். லைட்டு அணைஞ்சிருக்கு, என் ஆய்வுக்குக் கிருமி தடவி வளர்த்த நாத்தெல்லாம் கூழா அழுகி நாறுது. சீனியர் அண்ணன் சுவிட்சுல சாஞ்சுக்கிட்டு இளிக்கிறாரு.

"செடியும் ரெண்டு நாள் தூங்கட்டுமேன்னு அணைச்சேன்டா."

"கிருமி தொட்ட செல்லு தானா செத்து, கிருமி பரவுற வழிய அடைக்கணும்ணே. அதுக்கு உத்தரவு போடுறதே செல்லுக்குள்ள பச்சையா இருக்குற பசுங்கணிகம்தான், அதுக்கு வெளிச்சம் வேணும்! நாலு செல்ல சாகவிடாம மொத்த செடியையும் கொன்னுட்டீங்க!"

இளிப்பு நிக்குது. கதவிடுக்கு வெளிச்சம் விழுற இடத்துல ஒரே ஒரு நாத்து மட்டும் பச்சையா நிக்குது, இலையில குண்டூசித் தலை அளவு பழுப்புப் புள்ளி, கிருமிய அடைச்சுட்டு செத்த செல்லுங்க. அடப்பாவி, நான் தேடினது இதுதான்! இந்த ஒண்ண வச்சே ஆய்வ மறுபடி ஆரம்பிக்கலாம்ல, நீங்க என்ன சொல்றீங்க?