சொந்தக் காலில் ஒரு முதலாளி

"அடிமைத்தளையை அறுத்துச் சொந்தக் காலில் நிற்பவனே மனிதன்!" என்று முழங்கினார் பிரான்சைஸ் காபிக்கடை முதலாளி. அந்தக் கால்கள்தான் ஓரிடத்தில் நிற்கவில்லை.

"நீயும் ஒரு கிளை எடு மச்சான். இங்க நான் வச்சதுதான் சட்டம்."

மனைவியின் தம்பிக்கு ஆசை பொங்கியது. "நாளைக்கே வேலையை விட்டுடறேன் அத்தான். ஆமா, ஏன் குட்டி போட்ட பூனையாட்டம் அலையறீங்க? போனை வேற பாத்துப் பாத்து வைக்கறீங்க!"

"தலைமை ஆபீஸ்ல ஒரு விஷயம் ஓடிட்டிருக்கு. இப்ப முடிவு வந்துடும்."

"பெரிய ஆளுதான்! சரி, பாத்ரூம் எங்க?"

முதலாளி காட்டிய கதவை மச்சான் இழுத்தான். திறக்கவில்லை.

"தலைமை ஆபீஸ்லேர்ந்துதான் திறப்பாங்க. ஒப்பந்தம் அப்படி. காலைலயே கேட்டிருக்கேன், இன்னும் பதில் வரல. எனக்கப்புறம்தான் நீ."

மச்சான் எதிரிலிருந்த தன் ஆபீசுக்கு ஓடினான்.

முதலாளியும் பின்னாலேயே ஓடினார்.