முப்பத்தொன்றாவது கட்டி

"என் கட்டி எங்க?"

பஞ்சு போட்ட கூச்சலில் ஆய்வகமே நின்றுவிட்டது.

அவளுக்குப் பஞ்சு என்று பெயர் வந்ததே அந்தக் கட்டிகளால்தான். மீன் தோலிலிருந்து கொலாஜன் என்ற புரதத்தை எடுத்து, எலும்பில் இருக்கும் அதே கால்சிய உப்பை நானோ துகளாக்கிக் கலந்து, உறையவைத்து உலர்த்தினால் வெள்ளை வெளேரென்று ஒரு சின்னப் பஞ்சுக் கட்டி வரும். உடைந்த எலும்பின் நடுவே அதை வைத்தால், அதைப் பிடித்துக்கொண்டு புது எலும்பு வளர வேண்டும். ஆனால் மூன்று வருஷமாகச் செய்த முப்பது கட்டியும் வெதுவெதுப்பான தண்ணீர் பட்டதும் கூழாகிப் பல்லை இளித்தன.

முப்பத்தொன்றாவதைப் பதினோரு மணிக்கு எலும்பு டாக்டரம்மா முன்னால் தண்ணீரில் போட வேண்டும். நிதிக்குழு அனுப்பியிருக்கும் ஆள் அவர். கரையாவிட்டால் ஆராய்ச்சி தொடரும். கரைந்தால் பஞ்சு இன்றோடு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

மணி பத்தே முக்கால். கண்ணாடித் தட்டு இருக்கிறது, கட்டி இல்லை. பக்கத்தில் மேஜைமேல் வட்டமாக ஒரு டீக்கறை.

பேராசிரியர் ஓடிவந்தார். கறையைப் பார்த்ததும் எகிறிக் குதித்தார்.

"யார் இங்க டீ குடிச்சது? அந்தப் போர்டுல என்ன எழுதியிருக்கு? படி!"

'டீ, காபி, தீனி கண்டிப்பாகக் கூடாது. மீறினால் அன்றே வெளியே.' கீழே அவர் கையெழுத்து, கொட்டை எழுத்தில்.

எல்லாருடைய கண்ணும் குடுவை அண்ணன்மேல் போனது. குடுவை கழுவுகிறவர். காலையில் கதவைத் திறப்பதும் அவர்தான். வாயில் எப்போதும் எதையாவது அரைத்துக்கொண்டே இருப்பவர். இப்போதும் வாய் அசைந்துகொண்டிருந்தது.

"அண்ணே! தின்னுட்டீங்களா?" பஞ்சுவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஐயோ, இது வேர்க்கடலைம்மா."

"பாத்தியா! ஆய்வகத்துல வேர்க்கடலை!" என்று பேராசிரியர் கையும் களவுமாகப் பிடித்தார். "உனக்கு ஒரு வேலையாவது உருப்படியாச் செய்யத் தெரியுமா? ஒழுங்காச் சர்க்கரை போடக்கூடத் தெரியாது!"

இந்த இடத்தில் சர்க்கரை எங்கிருந்து வந்தது என்று யோசிக்க யாருக்கும் நேரமில்லை.

"நாளையிலேருந்து நீ வர வேண்டாம்."

குடுவை அண்ணன் தலை குனிந்துகொண்டார்.

"மூணு வருஷ உழைப்பு அண்ணே. உங்களுக்கு மனசாட்சியே இல்லையா?" என்றாள் பஞ்சு. கேட்ட பிறகு அவளுக்கே கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் கேட்டுவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து டாக்டரம்மா உள்ளே வந்தார்.

குடுவை அண்ணன்தான் முதலில் சுதாரித்தார். "வாங்கம்மா. இங்க ஒரே புழுக்கம். சார் ரூம்ல உக்காருங்க, ஃபேன் இருக்கு."

"அங்கே வேண்டாம்!" என்று பேராசிரியர் பதறுவதற்குள் டாக்டரம்மா போய் உட்கார்ந்துவிட்டார். கைப்பையை வைக்க மேஜையில் இடமில்லை. தடித்தடியான புத்தகங்களை ஒதுக்கினார்.

புத்தகங்களுக்குப் பின்னால் ஒரு டீக் கோப்பை. ஒரு வாய்தான் குறைந்திருந்தது. உள்ளே பழுப்பு நிறத்தில் சதுரமாக ஏதோ கிடந்தது.

டாக்டரம்மா ஸ்பூனால் அதை எடுத்தார். விரலால் அமுக்கினார். அமுங்கியது. விட்டார். நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டது.

"முப்பத்தொண்ணு!" என்று அலறினாள் பஞ்சு.

"டீயில எப்போ போட்டது?" என்று கேட்டார் டாக்டரம்மா.

பேராசிரியர் அசடு வழிந்தார். "ஒன்பதரைக்கு. கொதிக்கக் கொதிக்க இருந்துச்சு. இந்தப் பொண்ணுக்காக உங்ககிட்ட வாதாடணுமேன்னு அவ நோட்டை அவ மேஜையிலேயே உக்காந்து படிச்சிட்டிருந்தேன். கைக்கு வெள்ளையா ஒண்ணு தட்டுப்பட்டுச்சு. சர்க்கரைன்னு நெனச்சு..."

டாக்டரம்மா சிரித்த சிரிப்பில் கண்ணாடி கழன்று மடியில் விழுந்தது.

"டீயோட துவர்ப்பு கொலாஜனை இறுக்கிடும். அதனால இதை நான் சோதனைன்னு ஏத்துக்க மாட்டேன். ஆனா கொதிக்கற டீயிலேயே கூழாகலையே! இன்னும் ஆறு மாசம் தர்றேன். புதுசாப் பண்ணி வெறும் தண்ணியில காட்டுங்க. டீயில ஊறவெச்சும் ஒண்ணு பண்ணிப் பாருங்க."

"டீயை ஆய்வகத்துக்குள்ள கொண்டுவரக் கூடாதே மேடம்?" பஞ்சு போர்டைப் பார்த்தபடி ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி கேட்டாள்.

"ரசாயனம்னு எழுதிக்கிட்டுக் கொண்டு வாங்க."

பேராசிரியர் தானே நாற்காலி போட்டு ஏறி, போர்டைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். போகிற போக்கில், "நாளைக்கு நேரத்தோட வந்துடுப்பா" என்று குடுவை அண்ணனிடம் முணுமுணுத்தார்.

பஞ்சுவுக்குத் தலைகால் புரியவில்லை. வழியில் இருந்தவர்களையெல்லாம் கட்டிக்கொண்டு, குதித்துக் குதித்துக் குழாயடிக்கு ஓடினாள். அங்கே குடுவை அண்ணன் அந்தக் கோப்பையைத்தான் கழுவிக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும் அவளுக்கு வெட்கமாகிவிட்டது.

"என்னை மன்னிச்சிடுங்கண்ணே. சார்தான்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும்தானே?"

"வட்டத்தைப் பாத்ததுமே புரிஞ்சுதும்மா. தினமும் அவருக்கு டீயை ஒளிச்சுக் கொண்டு வர்றவனே நான்தானே. அதான் டாக்டரம்மாவை அங்க அனுப்பினேன்."

"வேலையே போக இருந்துச்சே! அப்பவே சொல்லியிருக்கலாமில்ல?"

குடுவை அண்ணன் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு, குடுவை அடுக்கின் பின்னால் கைவிட்டு ஒரு டப்பாவை எடுத்துத் திறந்துகாட்டினார். நிறையச் சர்க்கரைக் கட்டிகள்.

"சாருக்கு ரத்தத்துல சர்க்கரை முந்நூறைத் தாண்டிடுச்சும்மா. சொன்னாக் கேக்க மாட்டேங்கறார். அதான் இன்னிக்குக் காலைல இதை ஒளிச்சு வெச்சேன். இது அவர் ரூம்லேயே இருந்திருந்தா உங்க கட்டி மேல கை வெச்சிருப்பாரா? தப்பு என்னுதுதானேம்மா, நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு என் வாயால அவரைக் காட்டிக் கொடுப்பேன்?"