வேளாங்கண்ணி போகிற வேன்

“வேலைய அப்புறம் பாக்கலாம். மொதல்ல இந்த வேனைப் பாரு. பிரேக்குல லேசா கால வச்சாலே பின்சக்கரம் கப்புனு புடிச்சிக்குது. நாளைக்கு எம் பொஞ்சாதி, புள்ளைங்க இதுலதான் வேளாங்கண்ணி போவுதுங்க,” என்றார் ராயபுரத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த இக்னேஷியஸ்.

நாலு மாதமாக வேலையில்லாமல் அவரிடம் வேலை கேட்டு வந்திருந்த கோதண்டம் பின்சக்கரங்களைக் கழற்றிப் பார்த்தான்.

“வலது பக்கம் ஆயில் சீல் போயிட்ச்சி மொதலாளி. கசியிற ஆயில்ல பிரேக் ஷூ ஊறிக் கீது. ஆயில் பட்ட ஷூ இப்டித்தான் திடீர்னு கவ்வும், திடீர்னு வழுக்கும்.”

“தப்பு!” இக்னேஷியஸ் சிரித்தார். “கோளாறு இடது பக்கம். பிரேக்க இறுக்குற அட்ஜஸ்டரை முறுக்கி வச்சதே நான்தான். வேலை கேட்டு வர்றவனுக்கெல்லாம் நான் வைக்கிற பரீட்சை அது. நீ போய்ட்டு வா.”

“அதைப் பாத்தவொடனே தளர்த்திட்டேன் மொதலாளி. நான் சொல்றது நெசமான கோளாறு.”

இக்னேஷியஸ் குனிந்து வலது பக்கத்து ஷூவைத் தொட்டார். விரலில் ஆயில் வழிந்தது. சிரிப்பு நின்றுபோனது.

“அலமாரியில புது சீலு, ஷூ ரெண்டும் கீது,” என்றார். “வேலைய ஆரம்பிங்க, மேஸ்திரி.”