சகலையின் கைராசி

மாமனார் வீட்டு மேசையில் லினக்ஸ் இயங்குதளம் போட்ட இரண்டு லேப்டாப்கள். காலையிலிருந்து டெர்மினல் என்கிற கறுப்பு ஜன்னலில் புதுப் புதுச் செயலிகளை நிறுவக் கட்டளை அடித்து அடித்து, பெரிய மாப்பிள்ளைக்கு விரல் தேய்ந்ததுதான் மிச்சம். ‘நிறுவியாகிவிட்டது’ என்று வரும். மெனுவில் தேடினால் ஒன்றுமே இருக்காது.

எதிரே, சின்ன மாப்பிள்ளை கால்மேல் கால் போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

“உங்களுக்கு வந்துடுச்சா, சகலை?”

“நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே...” என்றபடி அவர் தன் மெனுவைத் திறந்தார். “அட! வீடியோ எடிட்டர், பாட்டு, செஸ், எல்லாம் தானா வந்திருக்கே!”

“அவருக்குக் கைராசிங்க. உங்களுக்குத்தான் எதுவும் ஒட்டாது” என்றாள் பெரிய மாப்பிள்ளையின் மனைவி.

அவருக்கு வயிறு பற்றி எரிந்தது. எனக்கு ஒட்டாத எழவு எதற்கு என்று, போட்டதையெல்லாம் நீக்கும் கட்டளையை ஆத்திரமாகத் தட்டினார்.

“ஐயோ, எல்லாம் போச்சே! நான் தொடக்கூட இல்லையே!” எதிரே சகலை அலறினார்.

பெரிய மாப்பிள்ளைக்கு வயிறு குளிர்ந்தது. “கைராசி அவ்வளவுதானா?”

சகலை எழுந்து வந்து இவர் திரையை எட்டிப் பார்த்தார்.

“காலையில குழந்தைங்க போட்டோவைக் காப்பி பண்ணணும்னு இந்தக் கறுப்பு ஜன்னல் வழியாத்தானே என் லேப்டாப்புக்குள்ள வந்தீங்க? இன்னும் வெளியவே போகலையா, சகலை?”