கைகுலுக்கல் ஒத்திகை

"இன்னும் சிரிப்பு தெரியுதா?" என்றார் அமைச்சர்.

"உதட்டோரத்துல கொஞ்சம் இருக்குங்கய்யா."

அண்டை நாட்டு அமைச்சராக நடித்தபடி எதிரே நின்ற மொழிபெயர்ப்பாளர் நிரஞ்சனா மறுபடியும் கையை நீட்டினாள். ஞாயிற்றுக்கிழமை இடைத்தேர்தல். எதிரியிடம் பல்லிளித்த படம் பேப்பரில் வந்தால் எல்லைத் தொகுதி போய்விடும் என்று கட்சி எச்சரித்திருந்தது.

"அவர் கோவிச்சுக்கிட்டு எழுந்து போயிட்டா?"

"போகட்டுமே. நமக்கு இன்னும் பத்தாயிரம் ஓட்டு."

மேசையில் ஒப்பந்தம் காத்திருந்தது. கையெழுத்தானால் அங்கே சிறையிலிருக்கும் நாற்பது பேர் வீடு திரும்புவார்கள். பட்டியலில் பதினொன்றாவது பெயர் அவளுடைய தம்பி.

இந்த முறை அமைச்சரின் முகம் கல்லாகிவிட்டது. "இப்ப சரியா வந்துடுச்சா?"

அவள் அவர் கையை விடவில்லை.

"ஐயா, அங்க போய் ஒரே ஒரு தடவை சிரிச்சிடுங்க."