களிமண் இல்லாத துண்டு

நுணுக்குக்காட்டியின் வில்லைக்குள் பூத்திருந்ததைப் பார்த்ததும் றோசலின் கண்ணைக் கசக்கிக்கொண்டு இன்னொருமுறை பார்த்தாள்.

பூக்கக் கூடாத துண்டு அது.

கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே அவள் உருக்கி வைத்தது வெறும் பிளாஸ்டிக். ஆறவிட்டால் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பெரிய படிகப் பளிங்குகள் சோம்பேறித்தனமாக வளரும். அதற்குள் களிமண்ணின் நானோத்துகளைக் கலந்துவிட்டால் கதையே வேறு. துகள்களைப் பிடித்துக்கொண்டு பளிங்குகள் முளைக்கும். சின்னச் சின்னதாய், கூட்டம் கூட்டமாய், அவசர அவசரமாய்.

அந்த வேகம் களிமண்ணால்தான் வருகிறது என்று நிறுவத்தான் றோசலின் இரண்டு வருடமாக இந்த ஆய்வுகூடத்தில் மாரடிக்கிறாள்.

இப்போது களிமண் இல்லாத துண்டிலும் அதே கூட்டம்.

ஒன்றில் அவள் சொன்னது பிழை. அல்லது துண்டுகளை வார்த்த மெஷினுக்குள் பழைய களிமண் ஒட்டிக் கிடந்து எல்லாவற்றையும் கெடுத்துவிட்டது. எதுவென்றாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பக்கத்து நகரான ஒஷாவாவில் கார் உதிரிப்பாகம் செய்யும் கொம்பனி ஒன்று அவளுக்கு வேலை வைத்திருந்தது. ஆய்வு இந்த வசந்தத்தோடு முடிந்தால்தான் அந்த வேலை. அழுகை வந்தது.

எவ்வளவு நல்லாய்த் தொடங்கிய நாள்! பனி கொட்டியும் பஸ் நேரத்துக்கு வந்தது. எதிர் சீற்றில் இருந்த பிலிப்பைன்ஸ்காரி அவளைப் பார்த்துப் பாசமாகச் சிரித்தாள். யாரையும் கண்டுகொள்ளாத பேராசிரியர்கூட நின்று ஒருமுறை முகத்தைப் பார்த்துவிட்டுப் போனார். இன்றைக்குத் தன் முகத்தில் தனிக் களைதான் என்று அவளும் நினைத்துக்கொண்டாள்.

பாதுகாப்புக் கண்ணாடியை வழக்கம்போல நெற்றிக்குத் தள்ளிவிட்டு மறுபடியும் குனிந்தாள்.

ஒரு பளிங்கின் நடுவில் ஒரு பொடி. அடுத்ததிலும் ஒரு பொடி.

சட்டென்று நிமிர்ந்தாள். நானோத்துகள் இந்த நுணுக்குக்காட்டிக்குத் தெரியவே தெரியாது. அவ்வளவு சின்னது. தெரிகிறதென்றால் அது களிமண் இல்லை, வெளியிலிருந்து விழுந்த தூசி!

யாருடைய தூசி என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. முதுகைக் காட்டிக்கொண்டு கணினியில் மூழ்கியிருந்தான் மிதுனன், அவளோடு ஆய்வு செய்பவன். வோபர்ன் பகுதியில் இருக்கும் வீட்டில் அவனுடைய அம்மா நெற்றி நிறையத் திருநீறு பூசாமல் மகனை வாசல் தாண்ட விடுவதில்லை. நேற்று இதே மேசையில்தான் அவனும் துண்டு வெட்டினான்.

"மிதுனன்! நெத்தியைத் துடைச்சுப்போட்டு உள்ள வா எண்டு எத்தினைதரம் சொன்னனான்? என்ர சாம்பிள் முழுக்க உன்ர திருநீறு!"

அவன் கதிரையைத் திருப்பினான். நெற்றி கழுவிவைத்த கோப்பைபோல இருந்தது.

"நான் ஒரு மாசமா லிஃப்டுக்குள்ளயே துடைச்சுப்போட்டுத்தான் வாறன். தள்ளு, பாப்பம்."

குனிந்து பார்த்தான். மேல்விளக்கைப் போட்டும் பார்த்தான். திருநீறு என்றால் வெள்ளையாகத் தெரிய வேண்டும். இது கன்னங்கறுப்பு.

நிமிர்ந்து அவளுடைய முகத்தைப் பார்த்தவன் உதட்டைக் கடித்துக்கொண்டான். அவளைத் தள்ளி நிற்கச் சொல்லிக் கைகாட்டிவிட்டுப் புதிய துண்டொன்றைத் தானே உருக்கி வைத்தான்.

துண்டு ஆறியது. ஒன்றும் முளைக்கவில்லை. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வெகுநேரம் கழித்து, ஒரு மூலையில், ஒரேயொரு பளிங்கு சோம்பல் முறித்தது.

மெஷின் சுத்தம். களிமண்ணைப் பற்றி அவள் சொன்னதும் சரி. றோசலின் துள்ளிய துள்ளலில் பக்கத்து அறைக் கதவு திறந்தது.

"அப்ப உந்தக் கறுப்பு எங்கயிருந்து வந்தது?"

மிதுனன் போனை எடுத்து, கமராவை அவள் பக்கம் திருப்பி, முகத்துக்கு நேரே பிடித்தான்.

விடியற்காலைப் பூசை. விபூதிப் புதன். குருவானவர் அவள் நெற்றியில் பெருவிரலால் இட்ட கறுத்த சாம்பல். பஸ் பிடிக்க ஓடிய ஓட்டத்தில் அவள் அதை மறந்தே போயிருந்தாள்.

சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வர, போனைப் பறித்து இன்னும் கிட்டப் பிடித்துப் பார்த்தாள்.

நெற்றியில் இருந்த சிலுவையில் ஒரு கையைக் காணவில்லை.